மேற்குச் சுவருக்குப் பின்னால்

கல்பள்ளியின் பின்னறைக்கு மூன்றே மூலைகள். தெற்கே கதவுப் பக்கம் பத்தடி அகலம் இருக்கும். வடக்கே போகப் போக இரண்டு சுவர்களும் நெருங்கி வந்து, கடைசியில் ஒரு துடைப்பத்தைச் சாத்தி வைக்க மட்டும் இடம் மிஞ்சும். இறந்தவர்களைத் தூக்கிப் போகும் சந்தூக்கு, நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொப்பரைகள், சுருட்டிய பாய்கள், அடிக்க ஆளில்லாமல் போன நகரா முரசு எல்லாம் அங்கேதான் கிடந்தன. விருதுநகர் பஜாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம்களில் பாதிப்பேர் தொழ வரும் பள்ளிவாசல் அது. 'மூணு மூலை ரூம்' என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் மூன்று மூலை என்று யாரும் கேட்டதில்லை.

2006 ஜூலையில் அந்த அறையைக் காலி செய்யாமல் இருந்திருந்தால் தவுபிக்கும் கேட்டிருக்க மாட்டான். பள்ளிவாசல் முழுவதற்கும் கிரானைட் தரை போடும் வேலையை ஜமாத்தார் அவனிடம் கொடுத்திருந்தார்கள். சவுதியில் தம்மாமில் ஏழு வருடம் தரைக்கல் பதித்துவிட்டு ஊர் திரும்பியவன். வயது முப்பத்தைந்து. பின்னறையில் தொடங்கினால், கல் வெட்டுவதில் வரும் முதல் தவறுகள் யார் கண்ணிலும் படாது என்று நினைத்தான். புதன்கிழமை காலையில் அவனும் மணிமுத்துவும் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டார்கள். மணிமுத்து காரியாபட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற கொத்தனார். நான்கு வருடமாக தவுபிக்கோடுதான் வேலை.

சாய்வாக ஓடிய சுவரின் நடுவில் பலகை அடித்த அலமாரி ஒன்று இருந்தது. எரிந்துபோன டியூப் லைட்டுகளும் காய்ந்த பெயின்ட் டப்பாக்களும் அதில் அடைந்து கிடந்தன. பலகைகளைக் கழற்றிய மணிமுத்து உள்ளே கையை விட்டுத் தூசியைத் துடைத்தான்.

"பாய், இங்கன வந்து பாருங்க."

அது அலமாரி அல்ல. ஆள் உயரத்துக்குச் சுவருக்குள் குடைந்த மாடம். மேலே வளைவு, வளைவுக்குள் சிப்பியை விரித்து வைத்தது போல வரிவரியாகச் சுண்ணாம்பு வேலை. தூசியைத் துடைத்த இடத்தில் முட்டை ஓட்டின் வழவழப்பு. இரண்டு பக்கமும் விளக்கு வைத்து வைத்துக் கறுத்திருந்தது. தொழுகைக் கூடத்தில் இமாம் நின்று தொழ வைக்கும் மிஹ்ராபும் இதே உருவம்தான். அது சிமெண்டு, இது சுண்ணாம்பு.

"ஒரு பள்ளிக்கு ரெண்டு எதுக்கு பாய்? ஒண்ணு ஸ்டெப்னியா?" என்றான் மணிமுத்து.

தவுபிக் சிரிக்கவில்லை. மக்காவை நோக்கிய சுவரில்தான் மிஹ்ராப் வைப்பார்கள். அப்படியானால் ஒரு காலத்தில் இந்தச் சாய்ந்த சுவரைப் பார்த்துத்தான் ஜனங்கள் தொழுதிருக்கிறார்கள். இதுதான் பள்ளியின் பழைய மேற்குச் சுவர். இப்போது எல்லோரும் பார்த்துத் தொழுகிற நேரான சுவர், பிறகு யாரோ இதற்கு முன்னால் எழுப்பியது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வெளிதான் மூணு மூலை ரூம்.

பதித்த கல் கீறாமல் மேலே விரிக்கத் திருத்தங்கல் அச்சகத்திலிருந்து கழிவுத் தாள் வாங்கி வந்திருந்தார்கள். பட்டாசு லேபிள்கள், நிறம் பிசகி அச்சானவை. தவுபிக் ஒரு தாளின் மூலையை ஒரு மடிப்பு மடித்தான். அது செங்கோணத்தில் பாதி. மறுபடி மடித்தான். அது கால்வாசி. மடித்த முனையைக் கொண்டுபோய், இரண்டு சுவர்களும் சேரும் வடக்கு இடுக்கில் வைத்தான். அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது.

"மூலைமட்டத்த விட்டுட்டு பேப்பர மடிச்சு ஜோசியமா பாக்கீக?"

"சும்மா இருடா."

தம்மாமிலிருந்து கொண்டுவந்த தொழுகை விரிப்பில் ஒரு சின்னத் திசைகாட்டி தைத்திருந்தது. வீட்டில் அதை வைத்துப் பார்க்கும்போதெல்லாம் அதன் மக்கா குறி மேற்கே நிற்காமல், வடக்கே கால்வாசி நகர்ந்து நிற்கும். திசைகாட்டிதான் கெட்டுவிட்டது என்று இதுவரை நினைத்திருந்தான்.

காற்றுக்காக மணிமுத்து பின் ஜன்னலைத் திறந்தான். அதற்கு அந்தப் பக்கம் இறந்தவர்களை அடக்கும் கபர்ஸ்தான். தவுபிக் நூறு தடவை பார்த்த இடம்தான். முன்வரிசையில் சுண்ணாம்பு உதிர்ந்த பழைய கபர்கள், அவற்றுக்குப் பின்னால் வேலி வரைக்கும் புதியவை. பழையவை எல்லாம் தலைப்பக்கம் கிழக்கே சாய்ந்து கிடக்கும். அந்தக் காலத்து ஆள்களுக்கு நூல் பிடிக்கத் தெரியவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். புதியவை பள்ளியின் மதிலைப் பார்த்து வெட்டியவை. ரூல் போட்டது போல நேராக இருந்தன.

மணிமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தான். "கோணலாக் கிடக்குறதுதான் நேரு போலிருக்கு பாய்."

வேலியோரம் நான்காவதாக இருந்தது ஆசிக்கின் கபர். நேராக இருந்தது.

*

ஆசிக், தவுபிக்கின் அக்கா நசிமாவின் ஒரே மகன். 2003 தீபாவளி சீசனில் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனோடு லோடு ஏற்றப் போனான். பத்தொன்பது வயது. பெட்டிக்காக வெளியே காத்து நின்றபோது பக்கத்து ஷெட் வெடித்தது. ஆஸ்பத்திரியில் கனத்த பாலித்தீன் தாளில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். பிரிக்க வேண்டாம் என்றார்கள். அதன் மேலேயே கஃபன் துணியைச் சுற்றினார்கள். வீட்டில் யாருக்கும் முகம் காட்டவில்லை.

தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அத்தாவின் இடத்தில் தாய்மாமன் குழியில் இறங்கினான். துணியின் முடிச்சை அவிழ்த்து முகத்தைக் கிப்லாவின் பக்கம், மக்காவின் பக்கம், திருப்பி வைக்க வேண்டும். தலை எந்தப் பக்கம் என்று தவுபிக்குக்குத் தெரிந்தது. முகம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தடவிப் பார்க்கக் கை வரவில்லை. மேலே நின்றவர்களில் ஒருவர், "திருப்பிட்டியாப்பா?" என்றார்.

"திருப்பிட்டேன்."

அந்த ஊரில் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. நசிமா வீட்டில் திரைக்குப் பின்னால் இருந்தாள். அவன் உள்ளே போனதும் அவளும் அதையேதான் கேட்டாள். வேறு எதையும் கேட்கவில்லை. "முகத்தத் திருப்புனியாலே?"

"நான்தான்க்கா திருப்புனேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னான். "தூங்குற மாதிரி இருந்தான்."

மூன்று வருடமாக நசிமா அந்த இரண்டு வாக்கியங்களில் குடியிருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள்தான் ஆறுதல் சொன்னாள். தம்பி இறங்கினான், தம்பிதான் திருப்பினான், பிள்ளை தூங்குற மாதிரி இருந்தானாம். தவுபிக் பக்கத்தில் இருந்தால் அவனையே சொல்லச் சொல்வாள். அவன் சொல்வான்.

*

பதினொரு மணிக்கு ஜமாத் தலைவர் நாகூர் கனி வந்தார். பஜாரில் மல்லி, வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர். எழுபதை நெருங்கியும் சட்டைக் காலர் விறைப்பாக நிற்கும்.

"அலமாரிய யாருலே பிரிக்கச் சொன்னா?"

"அலமாரி இல்ல மாமா. உள்ள பாருங்களேன்."

அவர் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்றார். உள்ளே இருப்பது அவருக்கு முன்பே தெரியும் என்று தவுபிக்குக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"கல்லு மிச்சம் வரும்ல? அந்தச் சுவர் பூராவும் ஒட்டிரு. கீழ இருந்து மேல வரைக்கும்."

"மாமா, இது பழைய மிஹ்ராப்."

"எனக்கே சொல்றியா? முன்னாடி இருக்குற சுவர எழுப்புனது எங்கத்தா. அம்பத்தி நாலுல. நான் சாந்துச் சட்டி தூக்குனேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஊருக்கு விருதுபட்டின்னு பேரு இருந்தப்பக் கட்டுன பள்ளி. பன்னெண்டு கல்தூணு, ஒரு சின்னக் கூடம், அம்புட்டுதான். தெருவுக்குக் கோணலா நிக்கும். ரோட்ட அகலமாக்குனப்ப ரெண்டு பக்கமும் கடையெல்லாம் நேரா வந்துருச்சு, இது மட்டும் முதுகத் திருப்பிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்குன்னு பேச்சு. எங்கத்தா தூணையெல்லாம் பிடுங்கித் தெருவுக்கு நேரா நட்டாரு. மேக்குன்னா மேக்குதானலே, சூரியன் விழுற பக்கம். மிஹ்ராப இடிக்க மட்டும் அவருக்கு மனசு வரல. முன்னால ஒரு சுவர எழுப்பி மறைச்சுட்டாரு."

"அப்ப தெரிஞ்சுதான்..."

"அம்பது வருசம் ஜனம் தொழுதுருக்கு. அதுல பாதிப்பேர் அங்கன படுத்திருக்காக." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "நீ போயி அவுகள எழுப்பி, எல்லாரும் திரும்பிப் படுங்கன்னு சொல்லப் போறியா? கல்ல ஒட்டு. கூடத்துல தொழுகை வரிசைக் கோட்ட நேரா இழு. புண்ணியமாப் போகும்."

அவர் போனபின் மணிமுத்து மெதுவாகக் கேட்டான். "ஒட்டிருவமா பாய்?"

ஒட்டிவிடலாம் என்றுதான் தவுபிக்கும் நினைத்தான். அதில் கஷ்டம் எதுவும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு நாள் வேலை.

*

மத்தியானம் சாப்பிட நசிமா வீட்டுக்குப் போனான். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி. தினசரி காலண்டருக்குத் தாள் அடுக்கித் தைக்கும் வேலையை அவள் வீட்டிலேயே செய்தாள். அடுத்த வருடத்தின் நாள்கள் கூடத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு ஜூன் மாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவனுக்கு இலை போட்டாள்.

"பின்னறையிலயா வேலை? அந்த ஜன்னல்ல இருந்து நம்ம பிள்ளை தெரியுவான்ல?"

"தெரியும்க்கா."

"புல்லு மொளைச்சிருக்கா?"

"இப்ப காஞ்சு கெடக்கு."

"நீ ஒருநா சொன்னியே, கபர்ல வைக்கிறப்ப இடது பக்கம் மண்ணு கொஞ்சம் சரிஞ்சுச்சு, நீ கையால ஒதுக்குனேன்னு. அத நெனச்சுக்கிட்டே இருந்தேன் நேத்து." குழம்பை ஊற்றினாள். "எம்புட்டு பேருக்குடா அந்தக் குடுப்பினை. பக்கத்து வீட்டு சித்திகாவோட மாப்பிள துபாய்ல மவுத்தானாரு, எங்கிட்டுத் திருப்பி வச்சாகளோன்னு இன்னும் அழுதுக்கிட்டு இருக்கா. எனக்கு அந்தக் கவலை இல்ல."

தவுபிக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்னலே, உப்பு கம்மியா?"

"இல்லக்கா."

மறுநாள் காலையில் பின்னறையை அப்படியே விட்டுவிட்டுத் தொழுகைக் கூடத்தில் நூல் பிடித்தார்கள். வெளிர் கற்களுக்கு நடுவே, நாலடிக்கு ஒன்றாகக் கறுப்புக் கல் பட்டை வர வேண்டும். தொழுகிறவர்கள் அதில் குதிகால் வைத்து வரிசையாக நிற்பார்கள். முதல் பட்டைக்கு நூலின் ஒரு முனையை மணிமுத்து பிடித்தான், மறுமுனையை தவுபிக். நேரான மேற்குச் சுவரிலிருந்து அளவு எடுத்துக் குறித்தாயிற்று. நூலில் நீலப் பொடி தடவியாயிற்று. விரலால் இழுத்துத் தட்டினால் தரையில் கோடு விழும்.

தவுபிக் தட்டவில்லை.

ஐம்பத்து நான்கில் இதே இடத்தில் ஒருவர் இப்படி நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. தட்டினார். அதன்பின் அந்தக் கோட்டின் மேல் சுவர் எழும்பியது, சுவரைப் பார்த்து மதில், மதிலைப் பார்த்துக் குழி. சிமெண்டுத் தரை ஐம்பது வருடம் தாங்கியது. கிரானைட் நூறு வருடம் தாங்கும்.

"கை வலிக்குது பாய். தட்டுறதுன்னா தட்டுங்க."

"விட்டுரு," என்றான் தவுபிக்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தபின் இமாமிடம் போய்ச் சொன்னான். இமாமை எல்லோரும் ஹஜ்ரத் என்பார்கள். தவுபிக்கை விட இளையவர், ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மாடத்தைப் போய்ப் பார்த்தார். சுண்ணாம்புச் சிப்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இன்னைக்கு என்ன தேதி?" என்றார். "பதினாலு. சரி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க. வருசத்துல ரெண்டு நாள் சூரியன் மக்காவுல கஃபாவுக்கு நேர் உச்சியில வரும். அந்த நிமிசத்துல நம்ம ஊர்ல விழுற நெழலு பொய் சொல்லாது."

*

ஞாயிற்றுக்கிழமை, ஜூலை பதினாறு. ஆடி பிறக்க ஒரு நாள்தான் இருந்தது. காற்று ஏற்கெனவே வந்துவிட்டது. பஜாரில் கடைகள் அடைப்பு என்பதால் நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். ஒளு செய்யும் ஹவுஸை, தொழுமுன் கை கால் கழுவும் தொட்டியை, ஒட்டிய முற்றத்தில் மூங்கிலை நட்டு, அதில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார்கள். குண்டு காற்றில் ஆடியது. நிழலும் ஆடியது. ரேடியோவில் மணி பார்த்துச் சரிசெய்த கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஹஜ்ரத் நின்றார். இரண்டு ஐம்பத்தேழுக்கு இன்னும் ஆறு நிமிடம்.

"இப்படி ஆடுனா மக்காவும் வரும், மானாமதுரையும் வரும்," என்றார் ஒருவர்.

மணிமுத்து ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து குண்டை அதற்குள் இறக்கினான். நூல் அப்படியே நின்றது. "ஒசரக் கட்டடத்துக்கு இப்படித்தான்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

மேகம் ஒன்று வந்து போனது. வெயில் திரும்பியபோது ஹஜ்ரத் கையைத் தூக்கினார். தவுபிக் மண்டியிட்டு, நூலின் நிழல் மேலேயே சாக்பீஸால் கோடு இழுத்தான். கோடு தெருவுக்கு நேராகப் போகவில்லை, சுவருக்கு நேராகவும் போகவில்லை. மடித்த தாளைக் கூடத்துச் சுவரோடு ஒட்டி வைத்துப் பார்த்தான். அதே கால்வாசி. பின்னறையில் டியூப் லைட்டுகளுக்குப் பின்னால் ஐம்பது வருடம் கிடந்த மாடம், அந்தக் கோடு போகும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"இங்கன இருந்து நேர் மேக்கே போனா என்ன ஊரு வரும்?"

"மேப்புல பாத்தா எத்தியோப்பியா," என்றார் ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவர்.

"அப்ப நான் அம்பது வருசம் தொழுதது எத்தியோப்பியாவுக்கா?"

"நீரு பாதி நாள் தூங்கிட்டீரு. கணக்குல வராது."

சிரிப்பு வந்தது, உடனே நின்றது. ஹஜ்ரத் சத்தமாகச் சொன்னார்: "தெரியாமத் தொழுதது கூடும். யாரும் எதையும் திரும்பத் தொழ வேண்டியதில்ல. தெரிஞ்ச பெறகு மாத்திக்கணும். சுவர இடிக்க வேண்டாம். கோட்டச் சாய்ச்சுப் போட்டாப் போதும்."

"தெரிஞ்சவனுக்கு?"

கேட்டது நாகூர் கனி. ஹவுஸின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். காலரின் விறைப்பு அப்படியே இருந்தது. அதற்குமேல் முகம் மட்டும் தளர்ந்திருந்தது.

"எனக்குத் தெரியும் ஹஜ்ரத். பதினஞ்சு வயசுல இருந்து தெரியும். ஜமாத்தோட நிக்கிறப்ப நேரா நிப்பேன். தனியாத் தொழுகுறப்ப கொஞ்சமாத் திரும்பிக்குவேன். ஒருத்தனும் கவனிச்சதில்ல. எங்கத்தா பேரு கெட்டுறக் கூடாதுன்னு வாயத் தொறக்கல. அவரயும் நேராத்தான் வச்சேன். அவரு சுவருக்கு நேரா."

ஹஜ்ரத் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

அஸர் தொழுகைக்குப் பின் தவுபிக்கும் மணிமுத்துவும் கூடத்தில் சாய்வாக நூல் பிடித்தார்கள். இந்தத் தடவை தட்டினான். சுவரிலிருந்து சுவருக்கு நீலக் கோடுகள் விழுந்தன. மேற்கு ஓரத்திலும் கிழக்கு ஓரத்திலும் முக்கோணத் துண்டுகள் மிஞ்சின. தூண்களுக்கும் வரிசைக்கும் பொருந்தவே இல்லை. கூடமே லேசாகத் தள்ளாடுவது போல இருந்தது. அந்தியில் மஃரிபு தொழ எல்லோரும் இதன் மேல்தான் நிற்பார்கள். வேலை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான், செய்தி தனக்கு முன்னால் இரண்டு தெரு தாண்டிப் போயிருக்கும் என்பது அவனுக்கு உறைத்தது.

*

நசிமா கூடத்தில் காலண்டர் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கையில் வேலை இல்லை.

"பள்ளி கோணலாமே," என்றாள்.

"யாரு சொன்னா?"

"சித்திகா வந்து சொன்னா. ஊரே சொல்லுது. நீதான் கண்டுபிடிச்சியாம். பெருமையாச் சொல்றாக."

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அப்ப கபரு?"

"ஹஜ்ரத் சொல்லிட்டாருக்கா. தெரியாமச் செஞ்சது கூடுமாம். ஒரு குத்தமும் இல்லையாம்."

"அது தொழுகைக்கு." நசிமா குரலை உயர்த்தவில்லை. "தொழுதவன் நாளைக்குத் திரும்பி நின்னுக்கிடலாம். எம்பிள்ள எப்படிலே திரும்புவான்?"

"கபருக்கும் அதேதான்க்கா. தோண்டக் கூடாது. கேட்டுட்டேன்."

"நீ எப்பக் கேட்டே?"

"வெள்ளிக்கிழமை."

"புதன்கிழமை இங்கன உக்காந்து சோறு தின்னியே. அன்னைக்கே தெரியுமா?"

அவன் தலையாட்டினான். நசிமா அவனையே பார்த்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"நீ திருப்புனேல்ல. உன் கையாலதானே. சரியாத் திருப்பி வச்சேன்னு எம்புட்டுத் தெளிவாச் சொன்னே. இப்பக் கணக்குப் பாத்தா நீ சரியா வச்சதுதான் தப்பாப் போச்சு. கொஞ்சம் ஏனோதானோன்னு வச்சிருக்கக் கூடாதாலே?"

மாடத்தின் முன் பலகையைக் கழற்றிய சத்தம் தவுபிக்கின் காதில் கேட்டது. ஹவுஸின் விளிம்பில் உட்கார்ந்திருந்த கிழவரின் முகம் நினைவுக்கு வந்தது.

"நான் திருப்பலக்கா."

"என்னது?"

"திருப்பல. பாலித்தீன்ல சுத்தியிருந்தாக. பிரிக்கல. எது முகம்னு எனக்குத் தெரியல. தொட்டுப் பாக்கப் பயந்துட்டேன். கையில குடுத்தது எப்படி வந்துச்சோ அப்படியே எறக்கி வச்சேன். மேல நின்னவுக கேட்டாக. திருப்பிட்டேன்னு சொல்லிட்டேன்."

"தூங்குற மாதிரி இருந்தான்னியே?"

"நான் பாக்கல."

"மண்ணு சரிஞ்சுச்சு, கையால ஒதுக்குனேன்னியே?"

"அது மட்டும் நெசம்."

நசிமா எழுந்தாள். அடுப்படி வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள். ஒரு காலண்டர் கட்டைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தாள். அவள் அடிப்பாள் என்று தவுபிக் எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் அடிக்காதது பொறுக்காமல், நாலு நாளாகத் தனக்குள் வைத்திருந்த ஒன்றைச் சொன்னான்.

"அதனால யோசிச்சுப் பாருக்கா. நான் திருப்பலங்கிறதால எந்தப் பக்கம்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒருவேளை சரியான பக்கமே பாத்துக்கிட்டு இருக்கலாம். கால்வாசி வடக்கே. அல்லாஹ்வே..."

"நிறுத்துலே."

அவன் நிறுத்தினான்.

"மறுபடியும் ஆரம்பிக்கிறே பாரு. இப்பவும் எனக்கு ஒரு ஆறுதல் கட்டிக் குடுக்கப் பாக்குறே. எனக்கு முன்னால சுவர் வைக்காதலே. மூணு வருசம் நீ வச்ச சுவரத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

மஃரிபு பாங்கு ஒலித்தது. பழக்கத்தில் தவுபிக் கையை ஊன்றி எழுந்தான். இப்போது அங்கே எல்லோரும் நீலக் கோட்டில் குதிகால் வைத்து, பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருப்பார்கள்.

"உக்காரு," என்றாள் நசிமா. "தொழுகையப் பெறகு வீட்டுலயே தொழுதுக்கலாம். எனக்கு அவனப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது. ஆஸ்பத்திரியில என்ன குடுத்தாக, யாரு வாங்குனா, எம்புட்டுக் கனமா இருந்துச்சு, எல்லாம் சொல்லு. மொதல்ல இருந்து."

"வேண்டாம்க்கா. உன்னால தாங்க முடியாது."

"அதயும் நீயே முடிவு பண்ணாத."

அவள் காலண்டர் கட்டுகளை ஒதுக்கிவிட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். பாங்கு முடிந்துவிட்டது. தவுபிக் தன் கைகளைப் பார்த்தான். நகத்தைச் சுற்றி நீலப் பொடி ஒட்டியிருந்தது.

"சாயங்காலம் அஞ்சரை மணிக்குப் போன் வந்துச்சு," என்று ஆரம்பித்தான்.